பர்ஸ்ட் கியரில் நின்ற ஜீப்பும் சிங்கப்பூர்ப் பெட்டியும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில், ஒரு லாரி டைனமோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மாயாண்டியின் மனைவி பேச்சியம்மாள் வேகவேகமாக வந்தாள். மாயாண்டி மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் ஜீப்பு டிரைவர். சொந்த ஊர் சிலமலை. வாரம் ஒரு தடவையாவது வண்டியோடு என் கடைக்கு வந்துபோகிறவன்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர மலையில போலீசு பிடிச்சு வச்சிருக்காகளாம். மொதலாளி ஜீப்பக் காணோமாம். மேல இருந்து மொதப் பஸ்சுல வந்த ஆளு சொல்லிட்டுப் போறாரு."

"எந்த ஜீப்பு?" என்று கேட்டேன். கேட்டதே தப்பு. அந்த முதலாளியிடம் இருந்தது ஒரே ஜீப்புதான்.

"நீங்க சிங்கப்பூர்ப் பெட்டி மாட்டுனீகளே, அதுதாண்ணே. ஒங்களையும் வரச் சொன்னாகளாம்."

கையில் இருந்த ஸ்பேனர் டைனமோவுக்குள் விழுந்துவிட்டது. ஐயோ, நம்ம பெயர் போச்சே என்றுதான் முதலில் தோன்றியது. மாயாண்டியைப் பற்றிய கவலை அதற்கு அப்புறம்தான் வந்தது. வெட்கத்தைவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

இப்போது பட்டனை அமுக்கினால் கார் ஸ்டார்ட் ஆகிறது. அந்த வேலைக்குப் பழகிய தம்பிகள் ஓர் ஒயரை எடுத்து இன்னொன்றில் கோத்துவிட்டு, "முடிஞ்சது சார்" என்கிறார்கள். எண்பதுகளின் நடுவில் நான் மாட்டிய ஒரு பெட்டி எனக்கு என்ன பாடம் நடத்தியது என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

1. ரகசிய சுவிட்ச்

நான் கடை போட்டது எழுபதுகளின் பாதியில். அப்போது மலைக்கு ஓடிய பெட்ரோல் ஜீப்புகளின் சாவியைச் சாவி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். தேய்ந்துபோன எந்தச் சாவியைப் போட்டாலும் எந்த ஜீப்பும் திரும்பும். ஒரு தடவை ஒரு கணக்கப்பிள்ளை தன் சைக்கிள் பூட்டுச் சாவியை வைத்து முதலாளி ஜீப்பை எடுத்துப்போய்விட்டு, "அவசரம்ணே" என்றார். ஏலக்காய் மூட்டையோடு நிற்கும் வண்டிக்கு அந்த லட்சணத்தில்தான் பாதுகாப்பு.

அதனால் ஆளாளுக்கு என்னிடம் வந்து ரகசிய சுவிட்ச் கேட்டார்கள். இக்னிஷன் காயிலுக்குப் போகிற ஒயரை வெட்டி நடுவில் ஒரு சின்ன சுவிட்சை வைத்து, யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒளித்துவிடுவேன். அது ஆஃபில் இருந்தால் சாவியைத் திருப்பி உயிரைக் கொடுத்தாலும் எஞ்சின் பிடிக்காது. போடியிலும் மலையிலுமாக எத்தனையோ வண்டிகளின் ரகசியம் என் தலைக்குள் இருந்தது. எந்த வண்டி காணாமல் போனாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே என் கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். ரகசிய சுவிட்ச் மாட்டும்போது டிரைவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. "போயி டீ குடிச்சுட்டு வா" என்று அனுப்பிவிடுவேன். தினமும் வண்டியை எடுக்கிறவனே டிரைவர்தான், அவனுக்குத் தெரியாமல் அந்தச் சுவிட்சை யார் போடுவது என்று நீங்கள் கேட்கலாம். முதலாளி மறுநாளே அவனிடம் காட்டிக் கொடுத்துவிடுவார், வேறு வழியில்லை. ஆனால் காட்டியவர் அவராக இருக்க வேண்டும், நானாக இருக்கக் கூடாது. இந்தக் கிறுக்குச் சட்டத்தைப் பெரிய நியாயம் என்று நினைத்துக்கொண்டு பல வருடம் கடை நடத்தினேன்.

2. பெட்டி வந்தது

மாயாண்டியின் முதலாளி ரெங்கசாமி. நல்ல மனுசர்தான், ஆனால் சொன்னதைக் கேட்கிற காது அவருக்குக் கிடையாது. அவருடைய மருமகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதற்குள் சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, கொத்துக் கொத்தாக ஒயர், கைக்குள் அடங்குகிற ஒரு பட்டன். பட்டனை அமுக்கினால் தூரத்தில் நிற்கிற வண்டி தானாக ஸ்டார்ட் ஆகும்.

"செல்லத்துரை, இத நம்ம ஜீப்புல மாட்டு. காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சுப் பல்லு கிடுகிடுன்னு ஆட, சோக்க இழுத்து, இருபது நிமிசம் உறும விட்டு, சே, என்ன பொழப்புய்யா அது!"

பல் ஆடுவது யாருக்கு? குளிரில் எஞ்சின் பிடித்து நிற்க அந்தச் சோக்கை இழுப்பது யார்? மாயாண்டி. இவர் போர்வைக்குள் இருந்து சத்தம் கேட்கிறவர். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஐ.டி.ஐ.யில் கற்ற அரைகுறை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, பெட்டியோடு வந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது.

"மொதலாளி, இதுல மூணு சிக்கல் இருக்கு."

"ஒனக்கு எதுலதான் சிக்கல் இல்ல? சொல்லு."

"ஒண்ணு, இந்தப் பெட்டி சாவியையும் கேக்காது, நம்ம ரகசிய சுவிட்ச்சையும் கேக்காது. ரெண்டையும் சுத்திப் போயி காயிலுக்கு நேரா கரண்டக் குடுத்துரும். ஓடுற வண்டி ஆளில்லாம நிக்கும். எவனாவது ஏறி உக்காந்தாப் போதும், கொண்டு போயிருவான். நம்மளே ஸ்டார்ட் பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"ரெண்டாவது?"

"கியரு. இது கியர் தானா மாறுற வண்டிக்குச் செஞ்சது. நம்ம வண்டி கியர்ல நிக்கும்போது பட்டன அமுக்குனா, ஸ்டார்ட்டர் மோட்டாரு வண்டியையே தள்ளிக்கிட்டுக் கெளம்பிரும்."

மலையில் ஓட்டாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். மேட்டில் நிறுத்தினால் எந்த டிரைவரும் வண்டியை நியூட்ரலில் விடமாட்டான். பழைய ஜீப்பின் ஹேண்ட்பிரேக்கை நம்பி விட்டவர்கள் வண்டியைப் பள்ளத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் பர்ஸ்ட் கியரைப் போட்டு, பின்சக்கரத்துக்குப் பின்னால் கல் வைப்பார்கள். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், முன்சக்கரத்துக்கு முன்னால் கல். மழைக்காலம் என்றால் நாலு சக்கரமும் இழுக்கும்படி போர் வீல் போட்டு லோ கியரில் விடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கை தானாகச் செய்யும்.

"மூணாவது?" என்றார் ரெங்கசாமி.

மூன்றாவது நீங்கதான் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. "தாளிலேயே போட்டிருக்கான் மொதலாளி, இந்த மாதிரி வண்டிக்கு வேண்டாம்னு" என்றேன்.

"ஒன்னால முடியலேன்னா சொல்லிரு. மதுரையில போட்டுக்கிறேன்."

இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் போடியில் எல்லாரும் என்னை வேலை வாங்கினார்கள். மதுரையில் போட்டுக்கொள்வார்களாம். போய்ப் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு நாளாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போடியிலேயே இந்தப் பெட்டியை முதலில் மாட்டியவன் செல்லத்துரை என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் உள்ளுக்குள் இருந்தது.

3. ஒரே வரிசையில் ரெண்டு சுவிட்ச்

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. இப்போது யோசித்தாலும் அந்த வழியில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பெட்டிக்குள் போகிற கரண்டை நேராக விடவில்லை; அது வந்தால்தான் பெட்டி ஸ்டார்ட்டரையும் சுற்றும், காயிலுக்கும் கொடுக்கும். நடுவில் இரண்டு சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். ஒன்று ஹேண்ட்பிரேக் லிவரின் அடியில். இழுத்திருந்தால்தான் கரண்டை விடும். இன்னொன்று கியர் லிவரின் ரப்பர் உறைக்குக் கீழே, ஒரு பழைய லாரியிலிருந்து கழற்றிய பிரேக் லைட் சுவிட்ச். லிவர் நடுவில், அதாவது நியூட்ரலில் நின்றால்தான் கரண்டை விடும்.

இதனால் இரண்டு நன்மை. வண்டி கியரில் இருந்தால் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் ஸ்டார்ட் ஆகாது. பட்டனால் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் திருடன் ஏறினால், பிரேக்கை எடுத்த நொடியிலோ கியரைத் தொட்ட நொடியிலோ எஞ்சின் செத்துவிடும். ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் சாவியும் வேண்டும், ரகசிய சுவிட்சும் ஆனில் இருக்க வேண்டும். பட்டனை வைத்து வண்டியைச் சூடு பண்ணலாம், நகர்த்த முடியாது.

மாட்ட ஒரு முழு நாள் ஆனது. வண்டியைக் கொண்டுவந்த மாயாண்டியை வழக்கம்போல விரட்டினேன்.

"மாயாண்டி, போயி டீ குடிச்சுட்டு வா."

திரும்பி வந்தான். ரப்பர் உறை இன்னும் திறந்துதான் கிடந்தது. மறுபடி அனுப்பினேன். நான்காவது தடவை வந்தவன் வெளியிலேயே நின்றான்.

"அண்ணே, இதுக்கு மேல டீ குடிச்சா வயிறு தாங்காது. அந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கிறவா?"

"வேணாம்ப்பா. பஸ் ஸ்டாண்டுல போயி உக்காரு. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

சிரித்துக்கொண்டேதான் போனான். இருபது வருடம் மலையில் ஓட்டியவன். ஒரு தகரத்தைக்கூட நசுக்கியது கிடையாது.

சாயங்காலம் முதலாளி வந்து பட்டனை அமுக்கினார். ஜீப்பு உறுமியது. கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. இவர் நிறுத்துவதும் ஸ்டார்ட் பண்ணுவதுமாக பேட்டரியை இறக்கும்வரை விளையாடினார். பிடுங்காத குறையாகப் பட்டனை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மொதலாளி, மாயாண்டிகிட்டச் சொல்லிரணும். நிறுத்தும்போது நியூட்ரலு, ஹேண்ட்பிரேக்கு, நாலு சக்கரத்துக்கும் கல்லு. கியர்ல விட்டா இது வேலை செய்யாது."

"அவன்கிட்ட எதுக்குய்யா சொல்லணும்? டிரைவருக்குத் தெரிஞ்சா அப்புறம் அது என்ன பாதுகாப்பு? நானே பாத்துக்கிறேன்."

தலையை ஆட்டிவிட்டேன். என் கடைச் சட்டமும் அதுதானே. அந்த ஒரு தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

4. "வேலை செய்யல"

இரண்டு நாள் முதலாளி தானே வண்டியைச் சமதளத்தில் விட்டு, நியூட்ரலில் போட்டு, பட்டனை அமுக்கி மகிழ்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் மாயாண்டி வழக்கம்போலப் பங்களா முற்றத்து மேட்டில் ஏற்றிக் கியரில் விட்டிருக்கிறான். பட்டன் வேலை செய்யவில்லை. நாலாம் நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்து என் கடையில் சாமியாடினார்.

"என்னய்யா வேலை செஞ்ச? அமுக்குனா அமுக்குன கையோட நிக்கிது!"

"கியர்ல கெடக்கும் மொதலாளி. அதான் கெளம்பல. கெளம்பக் கூடாது. அதுக்குத்தான் அந்த சுவிட்ச்சே."

"சிங்கப்பூர்ல இப்படியெல்லாம் கெடையாது."

"சிங்கப்பூர்ல சக்கரத்துக்குக் கல்லு வைக்கிறாகளா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான். மாயாண்டியிடம் சொல்லுங்கள் என்று மறுபடியும் சொன்னேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர், "வெரசா எடுப்பா" என்று மாயாண்டியை அதட்டினார். என்ன பேச்சு நடந்தது என்று தெரியாமல் அவன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். அப்போதாவது ஜன்னலோரம் போய் அவன் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். ஹார்ன் ரிலே ஒன்று கழன்று கிடந்தது, அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேச்சியம்மாள் வந்து நின்றாள்.

5. கல் இருந்த இடம்

கடையைச் சாத்திவிட்டு, மேலே போகிற ஒரு லோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். பேச்சியம்மாளும் வந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள். "அடிக்க மாட்டாகள்லண்ணே?" அடிக்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு வளைவிலும் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்?

தோட்டம் மலையாளத்துப் பக்கம். அங்கிருந்த சின்ன ஸ்டேஷனில் மாயாண்டியைச் சட்டை இல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அடி விழவில்லை. குளிரில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரும் மப்ளருமாக எதிரில் நாற்காலியில் இருந்தார் முதலாளி.

"வந்துட்டான்யா" என்று ஏட்டிடம் என்னைக் காட்டினார். "சுவிட்ச்சு இருக்குற எடம் தெரிஞ்சது மூணே பேருக்கு. நான், இவன், அவன்."

நடந்ததை ஏட்டு தமிழும் மலையாளமுமாகச் சொன்னார். காலை ஆறு மணிக்கு முதலாளி கட்டிலில் இருந்தபடியே பட்டனை அமுக்கியிருக்கிறார். வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டது. சூடாகட்டும் என்று குளிக்கப் போனார். வந்து பார்த்தால் மூடுபனி மட்டும்தான் இருந்தது, வண்டி இல்லை. தோட்டத்து ஆட்களின் லைன் வீட்டில் படுத்திருந்த மாயாண்டி பல் விளக்கிக்கொண்டே வந்தபோது பிடித்துவிட்டார்கள். செக்போஸ்டில் கேட்டால், அந்த நேரத்தில் எந்த ஜீப்பும் தாண்டவில்லை என்கிறார்கள்.

"மேஸ்திரி, சத்யம் பறஞ்ஞா மதி" என்றார் ஏட்டு, உண்மையைச் சொன்னால் போதும் என்று. "வண்டி எவிடே?"

என் மண்டைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. ஓடுகிற வண்டியை நகர்த்தினால் எஞ்சின் நின்றுவிடும்படிதானே மாட்டியிருந்தேன்? அப்புறம் எப்படிப் போனது?

"மாயாண்டி, நேத்து வண்டிய எப்படி நிறுத்துன?" என்றேன்.

"எப்பவும் போலத்தாண்ணே. முத்தத்து மேட்டப் பாத்து ஏத்தி நிறுத்துனேன். மழையா இருந்துச்சு. போர் வீலு, லோ, பர்ஸ்ட் கியரு. பின்னாடி கல்லு வச்சேன்."

"கியர்ல விட்டியா?"

"கியர்ல விடாம?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

கியரில் விட்ட வண்டி பட்டனுக்குக் கிளம்பவே கூடாது. கிளம்பியிருக்கிறது. முதலாளியைப் பார்த்தேன். அவர் மப்ளரைச் சரிசெய்தார்.

"ஏட்டய்யா, தோட்டத்துக்குப் போவோம். வண்டி நின்ன எடத்த நான் பாக்கணும். அதுக்கப்புறம் என்னையும் இந்தப் பெஞ்சுல உக்கார வைங்க."

முற்றத்தில் சரளைக்கல் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து ஆள் நடந்து நடந்து சக்கரத் தடம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் மாயாண்டி வைத்த கல் வைத்த இடத்திலேயே இருந்தது. ஏட்டுக்கு அதைக் காட்டினேன்.

"பின்சக்கரத்துக் கல்லு இது. வண்டி மூக்கு அந்த மேட்டப் பாத்து நின்னுருக்கு. ரோடு இருக்குறது நம்ம முதுகுக்குப் பின்னாடி. ரோட்டுக்குப் போகணும்னா ரிவர்ஸ்ல இந்தக் கல்லு மேல ஏறித்தான் போகணும். கல்லு அசையல. அப்ப வண்டி ரோட்டுக்குப் போகல. முன்னால போயிருக்கு."

"முன்னால என்னய்யா இருக்கு? மேடு, அதுக்கங்கிட்டு ஏலக்காடு. திருடன் காட்டுக்குள்ளயா ஓட்டிட்டுப் போவான்?" என்றார் முதலாளி.

"திருடன் போக மாட்டான்" என்றேன்.

மேட்டின் உச்சிவரை நடந்தோம். ஐம்பது அடிகூட இருக்காது. அந்தப் பக்கம் சரிவு. ஞாயிறு என்பதால் காட்டில் வேலையாட்கள் இல்லை, காலையிலிருந்து யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் இல்லை. விளிம்பில் இரண்டு ஏலச்செடித் தூர்கள் மடங்கிக் கிடந்தன.

"பன்னி மேஞ்சிருக்கும்" என்றார் முதலாளி. அந்த நேரத்திலும் அவர் விடவில்லை.

பன்றி மேய்ந்த வழியே இறங்கினோம். கீழே ஒரு நிழல் மரத்தில் மூக்கை முட்டிக்கொண்டு ஜீப்பு நின்றது. ரேடியேட்டர் நசுங்கியிருந்தது. உள்ளே யாரும் இல்லை, யாரும் இருந்த தடயமும் இல்லை.

"யாரும் தொடாதீக. ஏட்டய்யா, நீங்களே கைய வச்சுப் பாருங்க. சாவி இருக்கா?"

"இல்ல."

"கியரு?"

லிவரை ஆட்டிப் பார்த்தார். "பர்ஸ்ட்."

"டிரைவர் சீட்டுக்கு அடியில, டூல்ஸ் பெட்டி மூடிக்கு உள்பக்கம் கைய விடுங்க. சின்ன சுவிட்ச்சு தட்டுப்படும். மேல இருக்கா, கீழ இருக்கா?"

பல வருடம் காத்த ரகசியத்தைப் போலீசுக்கு நானே கை காட்டிக் கொடுத்தேன். அந்த வண்டி இரும்புக் கடைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

"கீழ."

"கீழன்னா ஆஃபு. சுவிட்ச்சு தெரிஞ்சவன் எடுத்திருந்தா ஆன்ல இருக்கும். சாவியும் இல்ல, சுவிட்ச்சும் போடல. இந்த வண்டிய ஆளு ஓட்டல. பட்டன்தான் ஓட்டிருக்கு. லோ கியரு, இழுத்துவிட்ட சோக்கு. மெதுவா மேட்டுல ஏறி, அந்தப் பக்கம் இறங்கிருச்சு."

இதைச் சொல்லிவிட்டுக் கியர் லிவரின் ரப்பர் உறையைத் தூக்கி, ஹேண்ட்பிரேக் லிவரின் அடியிலும் பார்த்தேன். என் இரண்டு சுவிட்சுகளும் பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றுக்குப் போகிற ஒயரும் வருகிற ஒயரும் வெட்டப்பட்டு, ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு, மேலே காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. என் கடையில் கறுப்பு டேப்புதான்.

எல்லாரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் மரத்தைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரிதான் ஒயரச் சேத்து, சோக்கையும் இழுத்து விட்டேன். தாள்ல படம் போட்டிருந்துச்சு" என்றார். "ஒரு நாளைக்கு அமுக்கிப் பாப்போம்னுதான்…"

இரண்டு சுவிட்சும் ஒரே வரிசை என்றேனே, அதைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டும் போச்சு. கியர்க் காவலும் இல்லை, திருட்டுக் காவலும் இல்லை. வழியில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மப்ளரைப் பிடித்து இழுத்திருப்பேன். ஏட்டு நடுவில் நின்றார்.

6. பஸ்ஸில் அவன் கேட்டது

மாயாண்டியிடம் சட்டையைக் கொடுத்தார்கள். முதலாளி அவன் தோளைத் தட்டி, "சரி விடுப்பா, நாளைக்கு வந்துரு" என்றார். மன்னிப்பு அவ்வளவுதான். மாயாண்டி சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டான். பேச்சியம்மாள் முதலாளியின் முகத்துக்கு நேராகவே, "எங்காளு இனி வர மாட்டாரு" என்றாள்.

கீழே வரும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம். பெட்டி எப்படி வேலை செய்கிறது, நியூட்ரலில் ஏன் விட வேண்டும் என்று அவனிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இம்புட்டுத்தானாண்ணே? ஸ்டோர்ப் பக்கம் சமதரை கெடக்கு. ரெண்டு குழி வெட்டி முன்சக்கரத்த எறக்கி விட்டிருந்தா நியூட்ரல்லயே நிக்கும். கல்லு கூட வேணாம்."

ஒரு வாரம் நான் மண்டையை உடைத்ததில் விட்ட ஓட்டையை அவன் ஒரு வளைவு திரும்புவதற்குள் அடைத்துவிட்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லண்ணே" என்றான். "நாலு டீ குடிக்க அனுப்புனீகளே. ஒவ்வொரு டீக்கும் நான் திருடன்னுதான அர்த்தம்?"

இல்லை என்று சொன்னால் அது பொய். முதலாளி அவனைச் சந்தேகப்பட்டது ஒரு காலைதான். நான் எத்தனையோ வருடமாக ஒவ்வொரு டிரைவரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு, அதற்குத் தொழில் ஒழுங்கு என்று பேர் வைத்திருந்தேன். வண்டியைத் திருடனிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அதை ஓட்டுகிறவனிடமிருந்து அல்லவா மறைத்து வைத்திருந்தேன். அதற்கு அவன் குளிரில் சட்டையில்லாமல் உட்கார வேண்டி வந்தது. அன்றைக்குப் பட்ட வெட்கம் போல அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

மாயாண்டி மலைக்குத் திரும்பவில்லை. தேவாரம் ஊரில் ஒரு லாரிக்கு டிரைவராகப் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து அதே ஜீப்பு என் கடைக்கு வந்தது. ரேடியேட்டர் புதுசு. ரெங்கசாமியும் ஒரு புது டிரைவரும் இறங்கினார்கள்.

"அந்த ஒயரப் பழையபடி மாட்டிக் குடு, செல்லத்துரை. சுவிட்ச்சையும் வேற எடத்துல ஒளிச்சு வையி. இனிமே கை வைக்க மாட்டேன்."

"வைக்கிறேன் மொதலாளி" என்று ரப்பர் உறையைக் கழற்றினேன்.

புது டிரைவருக்குப் போடிப் பழக்கம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. யாரும் சொல்லாமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு, "அண்ணே, நான் போயி டீ குடிச்சுட்டு வர்றேன்" என்றான்.

"டீயை இங்கயே வரச் சொல்றேன். இப்படி உக்காரு" என்றேன். "நீ ராத்திரி வண்டிய எந்த எடத்துல, எப்படி நிறுத்துவ? மொதல்ல அதச் சொல்லு."